ஸ்கேனில் விழாத வலி

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி தன்னளவிலேயே ஒரு நோயாக இருக்கலாம் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 2022 முதல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) வரிசைப்படுத்தும் 21 குறைபாடுகளிலோ அதற்கு இடமில்லை. உடலெங்கும் நீடித்த வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியாவால் அரை மணி நேரம்கூட நாற்காலியில் உட்கார முடியாதவர், ‘ஸ்கேன் நார்மல்’ என்ற தாளோடு வேலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

வலியை அளக்கக் கருவி ஏது, சலுகைக்காக நடிப்பார்களே என்கிறார்கள். கவலை நியாயமானது. ஆனால் இதே சட்டம் ஏற்றிருக்கும் மனநோயும் எக்ஸ்ரேயில் விழுவதில்லை. மருத்துவர் விசாரித்து, அன்றாடச் செயல்பாட்டைக் கணித்துத்தான் குறைபாட்டின் சதவீதம் போடுகிறார். விட்டுவிட்டு வலி தாக்கும் சிக்கிள் செல் நோயும் பட்டியலில் உண்டு. புதிய வகையைச் சேர்க்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, மத்திய அரசின் அறிவிக்கை ஒன்றே போதும்.