அலெய்ஸ்டருக்கு லோன் சாங்ஷன் ஆகுமா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் ஆடுகிற யூ-கி-ஓ சீட்டு விளையாட்டில் ஜெயிப்பதும் தோற்பதும் மூவாயிரம் அட்டாக் உள்ள பெரிய டிராகன் கையில் இல்லை. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிற சின்ன மான்ஸ்டர் கையில்தான் இருக்கிறது. போட்டிக்குப் போகிற பையன்கள் அதை 'ஸ்டார்ட்டர்' என்கிறார்கள். ஒரு ஸ்டார்ட்டரை எடை போட வங்கியில் கடன் விண்ணப்பத்தைப் பார்க்கிற அதே புத்தி போதும். பி.காம். படித்துவிட்டு இருபது வருடமாக ஃபைல் புரட்டுகிறவன் சொல்கிறேன், நம்பலாம்.

"வேலைவெட்டி இல்லையா சார், பொம்மைச் சீட்டுக்கு அப்ரைசலா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பையனோ பெண்ணோ இருந்தால், வீட்டில் ஏதாவது ஒரு டிராயரில் இந்தச் சீட்டுகள் இருக்க வாய்ப்புண்டு. இந்திராநகர், கோரமங்களா பக்கத்து கேம் கஃபேக்களில் சனிக்கிழமை சாயங்காலம் எட்டிப் பாருங்கள், விஷயம் புரியும். தாத்தா கொடுத்த பொங்கல் காசு, அத்தை கொடுத்த பிறந்தநாள் காசு எல்லாம் எங்கே போகிறது என்பதும் புரியும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஜப்பானில் கஸூகி தகாஹாஷி 1996இல் வரைய ஆரம்பித்த படக்கதை. கொனாமி நிறுவனம் 1999இல் அதைச் சீட்டு விளையாட்டாக விற்க ஆரம்பித்தது. ஆளுக்கு 8000 புள்ளி. 40 முதல் 60 சீட்டு வரை ஒரு அடுக்கு. ஒரே சீட்டு அதிகபட்சம் மூன்று பிரதி. கையில் ஐந்து சீட்டோடு ஆட்டம் தொடங்கும். ஒரு முறைக்கு ஒரே ஒரு தடவைதான் கையிலிருந்து மான்ஸ்டரைச் சாதாரணமாக இறக்கலாம். இந்தக் கடைசி விதியை மறக்காதீர்கள், எல்லாம் அதில்தான் இருக்கிறது.

நம் பிள்ளைகளின் முதல் காதல் எப்போதும் ப்ளூ-ஐஸ் ஒயிட் டிராகன்தான். அட்டாக் 3000, டிஃபென்ஸ் 2500. பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆனால் கையிலிருந்து அதைச் சாதாரணமாக இறக்க, களத்தில் ஏற்கெனவே நிற்கும் இரண்டு மான்ஸ்டர்களைப் பலி கொடுக்க வேண்டும். அந்த இரண்டும் எங்கிருந்து வரும்? அங்கேதான் ஸ்டார்ட்டர் வேலை. நாமெல்லாம் திண்ணையில் ஆடிய தாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாயம் விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்காது. பன்னிரண்டாகப் போட்டுத் தள்ளினாலும் வெளியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஸ்டார்ட்டர் என்பது அந்தத் தாயம்.

வேடிக்கை என்னவென்றால் கணக்கும் ஒத்துப்போகிறது. இரண்டு பித்தளைக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: வெற்று, ஒன்று, இரண்டு, மூன்று. மொத்தம் 16 வாய்ப்பில் தாயம் விழுவது இரண்டில், அதாவது எட்டில் ஒன்று. 40 சீட்டு அடுக்கில் ஒரே ஒரு பிரதி வைத்தால், அது முதல் ஐந்து சீட்டில் வருவதும் நாற்பதில் ஐந்து. அதுவும் எட்டில் ஒன்றுதான்!

சரி, ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பதாரர் பெயர் அலெய்ஸ்டர் தி இன்வோக்கர். 2017இல் ஃப்யூஷன் என்ஃபோர்சர்ஸ் தொகுப்பில் ஆங்கிலத்தில் வந்தவர். நான்கு நட்சத்திரம், அட்டாக் வெறும் 1000, டிஃபென்ஸ் 1800. எண்ணை மட்டும் பார்த்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். நான் ஐந்து கேள்வி கேட்பேன்.

1. ஆள் நேரத்துக்கு வருவாரா?

மூன்று பிரதி வைத்தால் முதல் கையில் ஒன்றாவது வருவதற்கு 33.8 சதவீதம். அதே மூன்றை 60 சீட்டு அடுக்கில் வைத்தால் 23.3 சதவீதம். பையன்கள் "நல்ல சீட்டு நிறைய இருக்கு" என்று அடுக்கைப் பெருக்கிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு நல்ல சீட்டும் ஸ்டார்ட்டரைக் கொஞ்சம் கீழே தள்ளுகிறது என்பதை இந்த இரண்டு எண்ணைக் காட்டித்தான் புரியவைக்க முடியும்.

அலெய்ஸ்டருக்கு ஒரு ஜாமீன்தாரர் உண்டு. மேஜிக்கல் மெல்ட்டவுன் என்ற சீட்டைப் போட்டால், அடுக்கிலிருந்து அலெய்ஸ்டரைக் கைக்கு எடுத்துக்கொள்ளலாம். அதுவும் மூன்று வைத்தால் அலெய்ஸ்டரே ஆறு பிரதி வைத்த மாதிரி. 57.7 சதவீதம். ஒரு ஸ்டார்ட்டரைத் தனி ஆளாகப் பார்க்கக் கூடாது. அவரைக் கூட்டிவருகிறவர்கள் எத்தனை பேர் என்றும் பார்க்க வேண்டும்.

2. வந்தால் என்ன தருவார்?

அலெய்ஸ்டரை இறக்கினால் அடுக்கிலிருந்து இன்வோக்கேஷன் என்ற மந்திரச் சீட்டு கைக்கு வரும். அதைப் போட்டால், களத்திலிருக்கும் அலெய்ஸ்டரையும் இன்னொரு மான்ஸ்டரையும் ஆட்டத்தை விட்டே அனுப்பி, பெரியதாக ஒன்றைக் கொண்டுவரலாம். அந்த இன்னொன்று ஒளி வகையாக இருந்தால் வருவது மெக்காபா, அட்டாக் 2500. எதிராளி ஒரு சீட்டைப் போடும்போது, நம் கையிலிருந்து அதே இனத்துச் சீட்டு ஒன்றைக் கழித்து அதை ரத்து செய்யும்.

இதோடு முடியவில்லை. வேலை முடிந்து கல்லறைக்குப் போன இன்வோக்கேஷன் தானே அடுக்குக்குத் திரும்பி, அனுப்பிவைத்த அலெய்ஸ்டரை நம் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். வங்கி பாஷையில் சொன்னால் இது ஒருமுறை கொடுத்து முடிகிற டேர்ம் லோன் இல்லை. அசல் திரும்பித் திரும்பி வருகிற கேஷ் கிரெடிட் மாதிரி. திரும்பி வந்த அலெய்ஸ்டரையே கழித்து, எதிராளியின் மான்ஸ்டர் ஒன்றை மெக்காபாவால் ரத்து செய்யலாம். நன்றாகச் சுழல்கிற முதல்.

செலவுப் பக்கத்தையும் எழுத வேண்டும். அந்த முறைக்கான ஒரே சாதாரண இறக்கம் இவருக்குப் போய்விட்டது. காமர்ஸ் படித்தவர்களுக்கு 'வாய்ப்புச் செலவு' என்ற சொல் ஞாபகம் இருக்கும். அதேபோல் ஒளி வகை மான்ஸ்டர் கையிலோ யாருடைய கல்லறையிலோ இருந்தாக வேண்டும். அடுக்கில் ஒளி வகையே இல்லாத பையனுக்கு மெக்காபா வெறும் படம்.

3. நடுவில் மறித்தால் என்ன மிஞ்சும்?

பெரும்பாலான பையன்கள் விடுகிற கேள்வி இது. 'எல்லாம் சரியாக நடந்தால்' என்று ஆரம்பிக்கிற ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை நான் எத்தனை பார்த்திருக்கிறேன்! எல்லாம் சரியாக நடந்தால் எல்லாருமே கடனைக் கட்டிவிடுவார்கள்.

ஆஷ் ப்ளாஸம் என்று ஒரு சீட்டு உண்டு. எதிராளி தன் கையிலிருந்தே அதை வீசி, நாம் அடுக்கிலிருந்து சீட்டு எடுப்பதைத் தடுக்கலாம். அவரும் 40 சீட்டில் மூன்று வைத்திருந்தால் முதல் கையில் அது இருக்க 33.8 சதவீதம். அலெய்ஸ்டர் நமக்கு வந்து, அதே சமயம் எதிராளியிடம் ஆஷ் இல்லாமலிருக்க எவ்வளவு? 57.7ஐ 66.2 சதவீதத்தால் பெருக்குங்கள். 38 சொச்சம். மறிக்கிற சீட்டு வேறு பலவும் உண்டு, அதையெல்லாம் நான் சேர்க்கவே இல்லை.

மறிக்கப்பட்டால் நமக்கு மிஞ்சுவது 1000 அட்டாக்கோடு களத்தில் தனியாக நிற்கும் ஒரு ஆள். இறக்கமும் தீர்ந்துவிட்டது. இதுதான் வாராக்கடன். ஆகவே அலெய்ஸ்டர் ஒருவரை மட்டும் நம்பிப் போட்டிக்குப் போகக் கூடாது. இறக்கச் செலவு இல்லாமல் களத்துக்கு வருகிற இன்னொரு கூட்டமும் அடுக்கில் வேண்டும். 2020 வாக்கில் இவரை ஷாடால், டாக்மாடிக்கா கூட்டத்தோடு சேர்த்துப் பெரிய போட்டிகளில் ஆடினார்கள். காரணம் இதுதான். ஒரு கை உடைந்தாலும் மறு கை வேலை செய்யும்.

ஒரு சின்ன ஆறுதல் உண்டு. எதிராளி வீசிய ஆஷ் ப்ளாஸம் நெருப்பு வகை. அது அவர் கல்லறையில்தான் கிடக்கும். பிறகு எப்படியாவது ஒரு இன்வோக்கேஷன் கைக்கு வந்தால், அந்த ஆஷையே அலெய்ஸ்டரோடு சேர்த்து பர்கட்ரியோ என்ற மான்ஸ்டரைக் கொண்டுவரலாம். அடித்தவன் கல்லையே எடுத்து வீடு கட்டுவது போல.

4. இரண்டு பேராக வந்துவிட்டால்?

மூன்று பிரதி வைத்தால், கையில் இரண்டோ அதற்கு மேலோ வர 3.6 சதவீதம். சில ஸ்டார்ட்டர்களில் இரண்டாவது பிரதி சும்மா கிடக்கும். அலெய்ஸ்டர் அப்படியில்லை. கையிலிருந்து அவரைக் கல்லறைக்கு அனுப்பினால் நம் ஃப்யூஷன் மான்ஸ்டர் ஒன்றுக்கு அந்த முறை முடியும்வரை 1000 கூடும். 2500 மெக்காபா 3500 ஆகிவிடும். எங்கே போயிற்று ப்ளூ-ஐஸின் 3000? :-)

5. விலை என்ன?

ஒரே சீட்டு, ஒரே எழுத்து, ஒரே வேலை. ஒன்று சாதாரணம், மற்றொன்று பளபளப்பு. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மேஜையில் இரண்டும் ஒன்றுதான். அலெய்ஸ்டர் பலமுறை மறுபதிப்பு ஆனவர், சாதாரணப் பிரதி தேடினால் கிடைக்கும். "பின்னாடி விலை ஏறும்பா" என்று பிள்ளை சொன்னால் இரண்டு விஷயம் ஞாபகப்படுத்துங்கள். கம்பெனி நினைத்தால் மறுபதிப்பு போடும். கம்பெனி நினைத்தால் தடைப்பட்டியலில் சேர்த்து மூன்று பிரதியை ஒன்றாக்கும், பூஜ்யமாகவும் ஆக்கும். அடமானப் பொருளின் மதிப்பை அதைத் தயாரிப்பவனே ஒரு அறிவிப்பில் மாற்றலாம் என்றால், எந்த வங்கியும் அதன் மேல் கடன் கொடுக்காது.

ஆக, என் சிபாரிசு: சாதாரணப் பிரதி மூன்று, மெல்ட்டவுன் மூன்று, சாங்ஷன். பளபளப்புப் பிரதி, ரிஜெக்ட். ஒரு நிபந்தனையும் உண்டு. இன்று போட்டியில் முதலிடம் பிடிக்க இவர் போதாது. 2023இல் வந்த ஸ்நேக்-ஐ ஆஷ் மாதிரி சீட்டுகள் ஒரே நட்சத்திரத்தோடு வந்து, எந்த வழியில் களத்துக்கு வந்தாலும் அடுத்த ஆளைக் கூட்டிவருகின்றன. ஐந்து கேள்வியில் முதல் மூன்றுக்கும் அவை கொடுக்கிற பதில் அலெய்ஸ்டருடையதைவிட நல்லது. ஆனால் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டிய பிள்ளைக்கு அலெய்ஸ்டர் நல்ல வாத்தியார். செலவும் வரவும் கண்ணுக்குத் தெரிகிற கணக்கு.

இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மூடிய பாக்கெட் வாங்கிப் பிரித்துப் பார்க்கிற பழக்கத்துக்கு என் வீட்டில் காசு கிடையாது. வேண்டிய சீட்டைத் தனியாக வாங்குவது செலவு. பாக்கெட்டுக்குள் என்ன இருக்குமோ என்று கிழிப்பது லாட்டரி. அந்தச் சுரண்டல் சீட்டுக்குத் தமிழ்நாட்டில் 2003இலும் கர்நாடகத்தில் 2007இலும் தடை வந்ததற்கு முன்னால் எத்தனை வீடுகள் பட்டபாடு நமக்குத் தெரியும். கலர் காகிதத்தில் வந்தால் மட்டும் அது வேறாகிவிடாது. ஸ்டேஷனரிக் கடையில் மலிவாக விற்கிற போலிச் சீட்டுகள் வீட்டில் ஆடப் பரவாயில்லை, போட்டியில் செல்லாது.

என் பையன் ஒன்பதாவது. சீட்டு வாங்கக் காசு வேண்டுமென்றால் இந்த ஐந்து கேள்விக்கும் பதில் எழுதி ஒரு பக்கக் குறிப்பு தர வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தமிழில் எழுத வேண்டும். எழுத்துப்பிழை இருக்கலாம், கணக்குப்பிழை கூடாது. போன முறை "அப்பா, மறிச்சா மிஞ்சுறது ஒண்ணுமில்ல, இதுக்கு நானே ரிஜெக்ட் போட்டுட்டேன்" என்று குறிப்பை அவனே திரும்ப வாங்கிக்கொண்டான். ஸ்கூலில் கன்னடம், நண்பர்களோடு இங்கிலீஷ், வீட்டில் "சாப்டியா", "படிச்சியா" என்று இரண்டு வார்த்தைத் தமிழ். இப்படிப்பட்ட பிள்ளையோடு முக்கால் மணி நேரம் தமிழில் வாதம் பண்ண வேறு எந்த விஷயமும் எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் அபார்ட்மென்டில் ஒரு அப்பா, பரீட்சையில் மார்க் குறைந்ததென்று பையனின் அடுக்கு முழுவதையும் குப்பையில் போட்டார். அதன்பிறகு அந்தப் பையன் சீட்டு வாங்கவில்லை, உண்மைதான். அப்பாவிடம் எதையும் சொல்வதையும் நிறுத்திவிட்டான். இன்னொரு வீட்டில் கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அது என்னவென்று ஒரு நாளும் கேட்டதில்லை. இரண்டு வீட்டிலும் நடந்தது ஒன்றுதான். விண்ணப்பத்தைப் படிக்கவே இல்லை. படித்துவிட்டு மறுத்தால் பிள்ளை பொறுத்துக்கொள்ளும், படிக்காமல் மறுத்தால் அடுத்த விண்ணப்பமே வராது.

உங்கள் வீட்டு டிராயரைத் திறந்து பாருங்கள். பிள்ளையிடம் "இதில் உன் ஸ்டார்ட்டர் எது?" என்று மட்டும் கேளுங்கள். அடுத்த அரைமணி நேரத்துக்கு உங்கள் செல்போனை எடுக்க வேண்டியிருக்காது.