கூலி கேட்காதவருக்கும் கணக்கு உண்டு

'ஆளுங்க ஆர்வமா வர்றாங்க, நாலு வாரத்துல காணாமப் போயிடுறாங்க.' இணையவழித் தொண்டு அமைப்புகளை நடத்தும் தோழர்களிடம் இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் மருந்து: வருகைப்பதிவு, வாராந்திர மணிக்கணக்கு, அறிக்கை, பதக்கம். விலகிப் போனவருக்குப் 'பொறுப்பில்லாதவர்' என்ற பட்டம். இந்த மருந்துதான் நோய் என்கிறேன் நான்.

அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் 1990களில் என்ன செய்தது? அரட்டை அறைகளைக் கண்காணிக்கவும் புதியவர்களுக்கு வழிகாட்டவும் ஆயிரக்கணக்கான தொண்டர்களை வைத்துக்கொண்டது. 'சமூகத் தலைவர்கள்' என்று பெயரும் சூட்டியது. பயிற்சி உண்டு, நேர அட்டை உண்டு, வேலை அறிக்கை உண்டு. கூலி மட்டும் கிடையாது. இணையக் கணக்கில் சலுகை, அவ்வளவுதான். 1999இல் முன்னாள் தொண்டர்கள் நீதிமன்றம் போனார்கள். வேலைக்காரருக்கு உள்ள கட்டுப்பாடெல்லாம் எங்களுக்கும் உண்டென்றால், கூலி எங்கே? 2010இல் 1.5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது நிறுவனம். 'தலைவர்'னு பேர் வச்சுட்டா வெட்டி வேலை தொண்டாயிடுமா?

மாறாக, 2007 ஜூலையில் தொடங்கிய 'கேலக்சி ஸூ'வைப் பாருங்கள். விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பார்த்து வடிவம் சொல்ல வேண்டும். ஒரு படம், ஒரு பதில், வேலை முடிந்தது. முதல் ஆண்டில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் சேர்ந்து 5 கோடிப் பதில்களுக்கு மேல் தந்தார்கள். கொஞ்சம் செய்துவிட்டுப் போனவரின் கொஞ்சமும் கணக்கில் சேர்ந்தது. ஹானி வான் ஆர்க்கெல் என்ற நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஒரு படத்தில் விநோதமான ஒளித்திட்டைக் கண்டு 'இது என்ன?' என்று கேட்டார். கேள்வியை யாரும் ஒதுக்கவில்லை. அந்த வான்பொருளுக்கு அவர் பெயரே நிலைத்தது. ஆய்வுக் கட்டுரையிலும் அவர் பெயர் இடம்பெற்றது.

எல்லா வேலையையும் இப்படித் துண்டு போட முடியாது என்பீர்கள். சரிதான். திரைக்கு முன்னால் பாடத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு ஆசிரியர் வராமல் போவது துரோகம். அப்படியானால் எத்தனை வாரம், எந்த நேரம் என்று முதல்நாளே சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு பேரை வையுங்கள். ஆண்டு முழுக்க ஆள் தேவைப்படும் வேலைக்குச் சம்பளம் கொடுங்கள்.

பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு, ராத்திரி போனில் அரைமணி நேரம் ஒதுக்குகிறவள் தருவது அவள் தூக்கத்தை. வசதியும் ஓய்வும் உள்ளவர் பத்து மணிநேரம் தருவார். மணிக்கணக்கு மட்டுமே தராசு என்றால் அவர்தான் 'சிறந்த தொண்டர்', அவர் வைத்ததுதான் சட்டம். அவள் சொல்லாமல் போய்விடுவாள்.

ஆள் நிற்கவில்லை என்று அழும் அமைப்புகளை நான் கேட்பது இதுதான்: செய்த வேலை எங்கே போச்சுன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா? அவங்க பேரைப் போட்டீங்களா? முடிவெடுக்கிற கூட்டத்துக்குக் கூப்பிட்டீங்களா?