ஆரஞ்சு நிறக் கேபிள் எந்த மொழியில் பேசுகிறது?

மின்சாரக் கார்களின் பாதுகாப்பு குறித்த விவாதங்களில் ஒரு வாதம் தவறாமல் எழுகிறது. உயர் மின்னழுத்தக் கேபிள்கள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கின்றன. பேட்டரிப் பெட்டியின்மேல் மஞ்சள் பின்னணியில் கருப்பு மின்னல் குறி இருக்கிறது. நிறமும் குறியும் உலகப் பொதுமொழி. ஆகவே எச்சரிக்கைகளை இந்திய மொழிகளில் கேட்பது மொழிப்பற்றாளர்களின் வீண் ஆசை. இதைப் பொறியாளர் ஒருவர் சொன்னால், அவர் துறை வேறு என்று விட்டுவிடலாம். மொழியியல் துறையினரும் தலையாட்டுவதுதான் வெட்கக்கேடு. குறிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இடுகுறித்தன்மை உடையது என்று முதல் பருவத்திலேயே பாடம் நடத்துபவர்கள் அவர்கள்.

பொதுக்குறி மீதான நம்பிக்கை ஏற்கெனவே ஒருமுறை பொய்த்திருக்கிறது. கதிரியக்கத்தைக் குறிக்கும் மூவிதழ்ச் சின்னம் பயிற்சி பெறாதவர்க்கு எதையும் உணர்த்தவில்லை என்பதால், 2007இல் சர்வதேச அணுசக்தி முகமையும் ஐ.எஸ்.ஓ. அமைப்பும் மண்டையோடும் ஓடும் மனித உருவமும் கொண்ட துணைச் சின்னமொன்றை அறிவித்தன. அது 11 நாடுகளில் சோதிக்கப்பட்டது. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. மூன்றாண்டுகள் கழித்து, டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற கோபால்ட்-60 கருவி மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளில் பிரிக்கப்பட்டது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலிலிருந்து சென்ற பொருள் அது என்பதைக் கல்வியாளர்கள் மறந்துவிடலாகாது. அதே மாயாபுரியில்தான் பழைய கார்களும் பிரிக்கப்படுகின்றன. ஆயுள் முடிந்த மின்சாரக் கார்களும் அத்தகைய கடைகளுக்கே வந்துசேரும்.

எனினும் குறியைவிடப் பெரிய ஆபத்து சொல்லில் இருக்கிறது. "வோல்டேஜ், எர்த், ஆஃப், பேட்டரி எல்லாம் மெக்கானிக்குத் தெரிந்த சொற்கள்தாமே, விளக்கம் எதற்கு?" என்பது அடுத்த வாதம். அவை தெரிந்த சொற்கள் என்பதே சிக்கல்.

'ஹை வோல்டேஜ்' என்பதை எடுத்துக்கொள்வோம். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் 250 வோல்ட் வரை தாழ்வு, 650 வரை நடுத்தரம், அதற்குமேல் 33,000 வரை உயர்வு என்று வகுத்தன. தெருமுனை மின்மாற்றிக்கு வரும் 11,000 வோல்ட்தான் எலெக்ட்ரீஷியனின் மனத்தில் உள்ள 'ஹை வோல்டேஜ்'. வாகனத் துறையின் தரநிலைகளிலோ, இந்தியாவின் ஏஐஎஸ்-038 உட்பட, நேர்திசை மின்னோட்டத்தில் 60 வோல்ட்டைத் தாண்டியதுமே 'உயர்' தொடங்கிவிடுகிறது. முந்நூறு, நானூறு வோல்ட் கொண்ட ஒரு கார் ஒரு துறையில் உயர் மின்னழுத்தம். இன்னொரு துறையில் நடுத்தரம். ஜப்பானியச் சட்டம் 750 வோல்ட் வரையிலான நேர்திசை மின்னோட்டத்தைத் தாழ் மின்னழுத்தம் என்றே வகைப்படுத்துகிறது. அவ்வாறு வகைப்படுத்திக்கொண்டே, மின்சாரக் கார்களைப் பழுதுபார்ப்போருக்குச் சிறப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியும் இருக்கிறது. சொல்லின் தகுதியை அந்நாடு நம்பவில்லை.

'எர்த்' இன்னும் கொடியது. பன்னிரண்டு வோல்ட் கார்களோடு வளர்ந்த மெக்கானிக்குக் காரின் உடலே எர்த். பேட்டரியின் எதிர்முனை உடலோடு பிணைந்திருக்கிறது. மின்சாரக் காரின் உயர் மின்னழுத்தச் சுற்றிலோ நேர்முனை, எதிர்முனை இரண்டுமே உடலிலிருந்து விலக்கிக் காப்பிடப்பட்டவை. ஆகவே ஒரு முனையை மட்டும் தொட்டவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. வீட்டு மின்சாரத்தில் பழகிய டெஸ்டரை வைத்தால் அது எரியும் என்று நம்பவும் முடியாது. "கரண்ட் இல்லை" என்ற முடிவுக்கு அவர் வருவது அறியாமையால் அன்று. கற்ற பாடத்தை அவர் சரியாகவே பயன்படுத்துகிறார். காப்பு எங்கோ ஓரிடத்தில் பழுதுபட்டு, ஒரு முனை உடலைத் தொட்டுக்கொண்டிருந்தால், மறுமுனையில் கைவைப்பவர்மீது முழு மின்னழுத்தமும் பாயும்.

'ஆஃப்' என்ற சொல்லும் அப்படியே. சாவியை எடுத்ததும் பேட்டரிப் பெட்டிக்குள் காண்டாக்டர்கள் திறந்துகொள்ளும். இன்வெர்ட்டரின் மின்தேக்கிகளில் தேங்கிய மின்னூட்டம் வடிவதற்கோ நேரம் பிடிக்கும். சர்வீஸ் பிளக்கைக் கழற்றியபின் 10 நிமிடம் காத்திருக்கச் சொல்லும் கையேடுகள் உண்டு. பெட்டிக்குள் இருக்கும் செல்களுக்கு 'ஆஃப்' என்ற நிலையே கிடையாது. இ-ரிக்‌ஷாவின் நான்கு பேட்டரிகளை, மொத்தம் 48 வோல்ட்டை, வெறுங்கையால் மாற்றிப் பழகியவருக்குப் 'பேட்டரி' என்ற சொல் தரும் தைரியம் இங்கே அவருக்கு எதிராகத் திரும்புகிறது.

பட்டறை வழக்கில் 'டைரக்ட் பண்ணுவது' என்றொரு வினை உண்டு. இடையிலுள்ள சுவிட்சைத் தவிர்த்து வயரை நேராக இணைப்பது. உயர் மின்னழுத்த இணைப்பிகளில் இன்டர்லாக் என்ற மெல்லிய வயர்ச் சுற்று இருக்கிறது; இணைப்பி கழலத் தொடங்கும்போதே மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்வது அதன் வேலை. அதில் பழுது வந்தால் வண்டி கிளம்பாது. இரண்டு மெல்லிய வயர்களை டைரக்ட் பண்ணினால் கிளம்பிவிடும். வாடிக்கையாளர் மகிழ்வார். அடுத்த முறை மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கையிலேயே யாரேனும் அந்த இணைப்பியைப் பிரிக்கும்போது தீப்பொறி நீண்டு நிற்கும். மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுகிறது. பொறி அணைய வாய்ப்புண்டு. நேர்திசை மின்னோட்டத்துக்கு அந்த ஓய்வு இல்லை.

அங்கீகரிக்கப்பட்ட பணிமனைகள் மட்டுமே தொட வேண்டும் என்பார்கள். உத்தரவாதம் முடிந்து, மூன்றாவது உரிமையாளரின் கைக்குப் போன கார் எங்கே நிற்கும் என்பது டெல்லியின் காஷ்மீரி கேட்டையோ பெங்களூரின் ஜே.சி. ரோட்டையோ ஒருமுறை கடந்தவருக்குத் தெரியும்.

இவ்வளவும் நடக்கையில் கலைச்சொல்லாக்கம் எங்கே நிற்கிறது? அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961 முதல் இயங்குகிறது. தமிழிலும் 'மின்னழுத்தம்' வந்தாயிற்று. அதன் முன் 'உயர்' சேர்ப்பதா, 'உயரழுத்தம்' என்று சுருக்குவதா என்று கருத்தரங்குகளில் வாதாடலாம். எப்படி வாதாடினாலும், ஆங்கிலச் சொல்லின் இரட்டைப் பொருள் அப்படியே இறக்குமதியாகிவிடுகிறது. தேவைப்படுவது சொல் அன்று, வாக்கியம். "சாவியை எடுத்த பிறகும் இந்த வயரில் மின்சாரம் இருக்கும். இதில் எந்த முனையும் பாடி எர்த் அல்ல. டெஸ்டர் எரியாவிட்டால் மின்சாரம் இல்லை என்று எண்ணாதே. இன்டர்லாக்கை டைரக்ட் பண்ணாதே." இதில் 'டெஸ்டர்' தூய தமிழ் அன்று என்று சிவப்பு மையால் கோடிடும் பேராசிரியர், யாருக்காக அந்தக் கோட்டை இடுகிறார்?

ஐ.டி.ஐ. பாடநூல்களைப் பல இந்திய மொழிகளில் வெளியிடும் தேசிய பயிற்று ஊடக நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. ஆரஞ்சு நிறத்தை விதியாக்கிய தரநிலை, அந்நிறத்தின் அருகே விற்பனை மாநிலத்தின் மொழியில் நான்கு வாக்கியங்களையும் விதியாக்கலாம். அவற்றை எழுத மின்பொறியாளரும் மெக்கானிக்கும் மொழியியலாளரும் ஒரே மேசையில் அமர வேண்டும். அந்த மேசையில் இன்றுவரை காலியாகக் கிடப்பது மொழியியலாளரின் நாற்காலி.