ராஜா கதை போதும், கப்பல் ஏறியவன் கதை எங்கே?

அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஒரு குடும்பத்தின் நாலு தலைமுறைக் கதை. தலையணை சைஸ் நாவல். போன வாரம் விடிய விடிய படித்தேன். முடித்ததும் நம்ம மேலேயே செம கடுப்பு!

எங்க ஊர் வீராம்பட்டினம். ஒட்டினாற்போல் அரிக்கமேடு. ரோமாபுரியோடு வியாபாரம் செய்த பெருமையை ஆளாளுக்குப் பேசுவோம். புதுச்சேரியிலிருந்து கூலி ஆட்களோடு போன கப்பலைப் பற்றிக் கேட்டால் முழிப்போம்.

1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? ஒப்பந்தக் கூலிகளாக நம்ம ஜனங்களை ஏற்றினார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853-ல் மர்த்தினிக் போனது. 1854 கிறிஸ்துமஸ் சமயத்தில் அதே கப்பல் குவாதலூப்பில் ஆள் இறக்கியது. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் ஓட்டுரிமை இல்லை. ஆன்ரி சிதம்பரம் 1904-ல் ஆரம்பித்த சண்டை 1923-ல்தான் ஜெயித்தது.

இதைவிட என்ன சரித்திரம் வேண்டும்? நமக்கோ சரித்திர நாவல் என்றால் குதிரை, வாள், இளவரசி. பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்' எழுதி, 18-ம் நூற்றாண்டுப் புதுச்சேரி ஜனங்களை உள்ளே கொண்டுவந்தார். கப்பல் ஏறியவர்களை யார் கொண்டுவருவது? குவாதலூப்பின் எர்னஸ்ட் முத்துசாமி பிரெஞ்சில் எழுதிவிட்டார். பேரன் பேத்திகள் அங்கே எழுதுகிறார்கள், சொந்த ஊர் இங்கே மறந்துவிட்டது. வெட்கமாக இல்லையா?

வகுப்புத் தோழர்களே, ராஜராஜனைக் கொஞ்ச நாள் தூங்க விடுங்கள். இன்று வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம வீட்டில் கப்பலேறித் திரும்பி வராதவங்க யாராவது உண்டா?"