மாட்ரிட் நகரத்துச் சித்திரசாலைகள்

பெருநகரங்களுக்கு யாத்திரை போகிறவர்கள் அங்குள்ள சித்திரசாலைகளைக் கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல ஒரே மூச்சில் சுற்றி முடித்து, காலும் கண்ணும் ஓய்ந்து, எதைப் பார்த்தோம் என்ற ஞாபகமே இல்லாமல் வெளியே வருவது சகஜமாகிவிட்டது. மாட்ரிட்டில் அப்படிச் செய்வது பெருநஷ்டம். பிராடோ, ரெய்னா சோபியா, தைசன் என்ற மூன்று சித்திரசாலைகளும் அங்கே நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருப்பதால், எதை முதலில் பார்ப்பது, எதை விட்டுவிடுவது என்ற விவேகம்தான் யாத்ரிகருக்கு முக்கியம்.

முதலில் பிராடோ. இயற்கை விஞ்ஞானப் பொருள்களை வைப்பதற்கென்று கட்டடக் கலைஞர் வில்லனுவேவா 1785இல் வகுத்த அந்தக் கட்டடம், 1819இல்தான் சித்திரசாலையாகத் திறக்கப்பட்டது. அரசர்கள் தலைமுறை தலைமுறையாக அரண்மனைகளில் சேர்த்து வைத்தவையே அதன் மூலதனம். ஆகையால் அவர்களுக்குப் பிடித்த டிஷியனும் ரூபன்ஸும் அங்கே ஏராளம். அத்தனையையும் பார்த்துவிட ஆசைப்படாமல், நேராக வெலாஸ்குவெஸ் 1656இல் தீட்டிய 'லாஸ் மெனினாஸ்' முன்னால் போய் நிற்க வேண்டும்.

பத்தடிக்கு மேற்பட்ட உயரமுள்ள அந்தச் சித்திரத்தில் சிறுமியான இளவரசி மார்கரீட்டாவும், தோழியரும், குள்ளர்களும், படுத்திருக்கும் நாயும், தூரிகையும் கையுமாகச் சித்திரக்காரரும் இருக்க, தேசத்தை ஆளும் அரசனும் அரசியும் மட்டும் பின்சுவரிலுள்ள கண்ணாடியில் மங்கலான பிம்பமாகத் தெரிகிறார்கள். அருகே சென்றால் இளவரசியின் சட்டைக்கை வெறும் வர்ணத் தீற்றல். சில அடி பின்வாங்கியதும் அதுவே பட்டாகிவிடுகிறது. இந்த வித்தையை முன்னும் பின்னுமாக நடந்து அனுபவிக்கிறவர்களை வழிகாட்டிகள் கோபமாகப் பார்ப்பார்கள், பொருட்படுத்த வேண்டியதில்லை.

அடுத்து கோயா. நெப்போலியனின் படையை எதிர்த்த மாட்ரிட் ஜனங்கள் 1808ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டதை அவர் 1814இல் தீட்டினார். தரையில் வைத்த சதுர விளக்கின் வெளிச்சமெல்லாம் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் மீது விழ, அவன் இரு கைகளையும் அகல விரித்து மண்டியிட்டிருக்கிறான்; உற்றுப் பார்த்தால் வலது உள்ளங்கையில் ஏசுநாதருடையதைப் போன்ற தழும்பு. துப்பாக்கி பிடித்த சிப்பாய்களில் ஒருவன் முகத்தையும் கோயா காட்டவில்லை, வரிசையாக முதுகுகள்தான். அவர் முதுமையில் தம் வீட்டுச் சுவர்களில் தீட்டிய கருநிறச் சித்திரங்களும் இங்கேயே உள்ளன. அவற்றில் சொந்தப் பிள்ளையைத் தின்னும் சனிதேவனைச் சாப்பிட்ட கையோடு பார்க்காமலிருப்பது நலம்.

பிராடோவிலிருந்து அடோச்சா ரயில் நிலையத்தை நோக்கிச் சாவகாசமாக நடந்தால், ஒரு காலத்தில் வைத்தியசாலையாக இருந்த கட்டடத்தில் ரெய்னா சோபியா வரும். பிக்காஸோவின் 'குவெர்னிகா' அங்கேதான் இருக்கிறது. 1937 ஏப்ரல் 26 அன்று, ஸ்பெயினின் உள்நாட்டு யுத்தத்தில் கலகத் தளபதி பிராங்கோவுக்குத் துணை வந்த ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் பாஸ்க் பிரதேசத்தின் குவெர்னிகா என்ற சிற்றூரை நாசமாக்கிய செய்தி கேட்டு, பாரிஸ் கண்காட்சிக்காக அவர் தீட்டியது அது. இருபத்தைந்து அடிக்கு மேல் அகலம். கறுப்பு, வெள்ளை, சாம்பல் தவிர வேறு வர்ணமே அதில் பிரதானமில்லை. வலது கோடியில் தீப்பற்றிய வீட்டில் இரு கைகளையும் உயர்த்தி அலறும் உருவத்தைக் கண்டதும், சற்று முன் பார்த்த வெள்ளைச் சட்டைக்காரனின் உடன்பிறப்பு என்று மனம் தானாகவே சொல்லும். ஆனால் கோயா முதுகையாவது காட்டினார். பிக்காஸோவிடம் கொல்பவர்கள் அடியோடு இல்லை, விமானம்கூட இல்லை. மரணம் எங்கிருந்து வந்தது என்று அறியாத ஜனங்களும், அலறும் குதிரையும், மேலே ஒரு மின்விளக்குமே மிச்சம்.

அந்த உள்நாட்டு யுத்தத்தின்போது பிராடோவின் தலைவராகக் குடியரசு நியமித்தது இதே பிக்காஸோவைத்தான். அவர் பாரிஸில் இருக்க, சித்திரங்களோ குண்டுக்குத் தப்பி வலென்சியாவுக்கும் பிறகு ஜெனீவாவுக்கும் பிரயாணம் போயின. ஸ்பெயினில் சுதந்திரம் திரும்பும்வரை 'குவெர்னிகா' அங்கே போகக் கூடாது என்பது அவர் நிபந்தனையாதலால், அது நீண்ட காலம் நியூயார்க்கில் இருந்து, 1981இல்தான் வந்து சேர்ந்தது. முதலில் பிராடோவின் கிளைக் கட்டடத்தில் இருந்ததை 1992இல் ரெய்னா சோபியாவுக்கு மாற்றினார்கள். என்னைக் கேட்டால், கோயாவுக்குப் பக்கத்திலேயே விட்டிருக்கலாம். நமக்கு நடையாவது மிச்சம்.

தைசனை அன்றே பார்க்க முயல வேண்டாம். மற்ற இரண்டிலும் இல்லாததையெல்லாம் நிரப்பும் அருமையான சேகரம்தான். எனினும் 'குவெர்னிகா'வுக்குப் பிறகு எதையும் ஏற்கும் நிலையில் மனம் இராது. ரெய்னா சோபியாவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறையாதலால் அந்த நாளைத் தைசனுக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். பிராடோவில் மாலை ஆறு மணிக்கு மேல் இலவசம் என்று கேள்விப்பட்டுக் காத்திருப்பவர்கள், வெலாஸ்குவெஸைக் காட்டிலும் முன்னால் நிற்பவர்களின் பிடரிகளையே அதிகம் தரிசிக்க நேரும். காசு கொடுத்தாலும் காலையில் கதவு திறக்கும்போதே போவது உத்தமம்.