ஜோடனைக்கு லட்சம்! பாப்பாவுக்கு மட்டும் தகரமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக நின்று பார்த்தால் போதும். பழைய ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கும். எல்லாம் இருபது, முப்பது வயதுக் கிழட்டு ஜீப்புகள்தான். ஆனால் புது மாப்பிள்ளை மாதிரி ஜோடனை! இடுப்பு உயரத்துக்கு டயர். முன்னால் வின்ச்சு. கூரைமேல் வரிசையாக விளக்கு. லட்சக்கணக்கில் கொட்டி இழைத்திருப்பார்கள்.

பின்பக்கம் எட்டிப் பார்த்தால்தான் பகீர் என்கிறது. அம்மா மடியில் கைக்குழந்தை. எதிரும் புதிருமாகப் போட்ட பெஞ்சில், கூரைக் கம்பியைப் பிடித்தபடி நாலு வயதுப் பாப்பா.

"கெட்டியா புடிச்சுக்க கண்ணு!" என்கிறார் ஓட்டுகிற அப்பா.

அந்த வண்டியில் குழந்தைக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு ஏற்பாடு அந்த வார்த்தைதான்.

மூன்றாவது மாடி

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிற ஜீப் சுவரில் மோதினால், அந்த அடி சுமார் 33 அடி உயரத்தில் இருந்து விழுவதற்குச் சமம். அதாவது மூன்றாவது மாடி. மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் பிள்ளையை உட்கார வைத்து, "கெட்டியா புடிச்சுக்க" என்று எந்தத் தகப்பனாவது சொல்வானா?

மடியில் இருக்கிற பிள்ளை கதையும் அதுதான். 10 கிலோ குழந்தை, மோதுகிற அந்தக் கண் இமைக்கும் நேரத்தில் 200 கிலோ பாரமாக இழுக்கும். 25 கிலோ அரிசிச் சிப்பம் எட்டு! எந்தத் தாயின் கை தாங்கும்?

சட்டம் தூங்கவில்லை. 14 வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட்டோ, குழந்தை சீட்டோ போட்டுக் கட்டாமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் புதிதாக 194-பி பிரிவைச் சேர்த்தார்கள். ஸ்கூட்டரில் போகிற 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கே பாதுகாப்பு வார் வேண்டும், ஹெல்மெட் வேண்டும் என்று 2022-ல் விதி வந்துவிட்டது. அதே வருடம் செப்டம்பர் 4-ந் தேதி தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தபோது, பின் சீட் பெல்ட் பற்றி நாடே பேசியது. நாலு மாதத்தில் மறந்தும் போனது.

அப்பளத்தில் ஆணி

சில அப்பாக்கள் விவரமானவர்கள். நல்ல குழந்தை சீட்டாகப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். அப்புறம்தான் தலைவலி. ஜீப்பில் அதை எங்கே கட்டுவது? பின்னால் பெல்ட்டே கிடையாதே!

புதுக் கார்களில் இதற்கென்றே 'ஐசோபிக்ஸ்' என்ற பிடிமானம் வருகிறது. 1999-ல் உலகத் தர அமைப்பு வகுத்த முறை. சீட் இடுக்கில் 6 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு கம்பிகள், நடுவில் 28 சென்டிமீட்டர் இடைவெளி. குழந்தை சீட்டின் கொக்கி 'டக்' என்று அதில் மாட்டிக்கொள்ளும்.

இதைப் பார்த்துவிட்டு அப்பா நேரே பட்டறைக்குப் போகிறார்.

"இதே மாதிரி ரெண்டு கம்பி நம்ம ஜீப்புக்கும் வெச்சுத் தர முடியுமாண்ணே?"

"என்னா சார் பெரிய விசயம்! அரை மணி நேரம் டீ குடிச்சுட்டு வாங்க. தரையில வெல்டு அடிச்சுத் தந்துடறேன்."

டீ குடித்துவிட்டு வந்தால் கம்பி தயார். பெயின்ட்டும் அடித்தாயிற்று. இழுத்துப் பார்த்தால் அசையவில்லை. அப்பாவுக்குப் பரம திருப்தி.

ஆபத்தே இந்தத் திருப்தியில்தான் இருக்கிறது. கம்பி உறுதிதான். கம்பி உட்கார்ந்திருக்கும் தரை? வெறும் தகரம்! அதுவும் எத்தனையோ மழை பார்த்து, பாய்க்கு அடியில் துரு அரித்து, மேலே பெயின்ட் மட்டும் மினுமினுக்கிற தகரம். புதுக் காரில் அந்தக் கம்பிக்குப் பின்னால் கெட்டியான எஃகுச் சட்டம் இருக்கிறது. இழுவையைத் தாங்குவது அதுதான். ஜீப்புத் தரையில் வெல்டு அடிப்பது அப்பளத்தில் ஆணி அடித்த கதை. கையால் இழுத்தால் நிற்கும். மோதினால் அப்பளம் கிழியும். கம்பி, சீட், பிள்ளை மூன்றும் சேர்ந்து பறக்கும்.

உண்மையில் பழைய ஜீப்புக்கு இந்தக் கம்பி அவசியமே இல்லை. சாதாரண மூன்று முனை பெல்ட்டில் கட்டக்கூடிய குழந்தை சீட்டுகள் கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன. வேண்டியது நல்ல பெல்ட். அந்தப் பெல்ட்டுக்கு ஒழுங்கான பிடிமானம். முன்னோக்கி உட்காரும் சீட் என்றால், அதன் தலைப்பக்க வார் மாட்டப் பின்னால் இன்னொரு பிடிமானம். இந்த மேல் வார் மாட்டும் இடத்தை ஆஸ்திரேலியாக்காரன் 1976-லேயே கார்களில் கட்டாயமாக்கிவிட்டான்!

தெரிந்த மிஸ்திரி எப்படிச் செய்வார்? முதலில் பாயைத் தூக்குவார். துருவைச் சுரண்டுவார். சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். அழுகிய தகரத்தை வெட்டி எறிந்து புதுத் தகடு போட்ட பிறகுதான் துளையே போடுவார். பாடி, சேஸிஸ் மேல் போல்ட் போட்டு உட்காருகிற இடத்தை ஒட்டித்தான் துளை. தரைக்கு அடியில், 3 மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறையாத எஃகுத் தகடு, உள்ளங்கை அகலத்துக்கு. அதன் முனைகளை மழுக்கியிருப்பார். கூர் முனை தகரத்தை வெட்டிவிடும் அல்லவா? சீட் பெல்ட்டுக்கென்றே வருகிற 7/16 அங்குல போல்ட்தான் போடுவார். டப்பாவில் கிடந்த ஏதோ ஒரு போல்ட்டைத் திருகமாட்டார்.

தகரம் கிழிவதைத் தடுப்பது அடியில் உள்ள அந்தத் தகடுதான். இழுவை ஒரே புள்ளியில் விழாமல் பரவும். ஆனால் வேலை முடிந்ததும் அது கண்ணுக்குத் தெரியாது. தெரியாத வேலைக்குக் காசு கொடுக்க நம் ஆட்களுக்கு மனசு வருவதில்லை. விளக்கு என்றால் வரும்!

இன்னொரு விசயம். பழைய இரும்புக் கடையில் பெல்ட் வாங்குகிற புத்தி வேண்டவே வேண்டாம். புதுப்பேட்டையில் கிடைக்காத பாகம் இல்லை, வாஸ்தவம். ஆனால் அந்தப் பெல்ட் எந்த விபத்தில் எவ்வளவு இழுபட்டதோ, யாருக்குத் தெரியும்? ஒரு தடவை பலமாக இழுபட்ட பெல்ட் மறு தடவைக்கு உதவாது.

முன் சீட்டில் கம்பெனி போட்ட மூன்று முனை பெல்ட் இருக்கிறது, ஏர்பேக் கிடையாது என்றால், குழந்தை சீட்டை அங்கேயே வைத்துக் கட்டுவது பட்டறை வெல்டிங்கைவிட எவ்வளவோ மேல். ஏர்பேக் இருந்தால் கைக்குழந்தையின் பின்னோக்கிய சீட்டை அங்கே வைக்கவே கூடாது. பின்னால் உள்ள பக்கவாட்டு பெஞ்சில் எந்தக் குழந்தை சீட்டும் சரிப்படாது. எத்தனை தகடு போட்டாலும் சரி. முன்னோக்கியோ பின்னோக்கியோ பார்க்கிற சீட்டுக்குத்தான் அவற்றைத் தயாரிக்கிறார்கள்.

இரண்டு பக்கமும் இடி

பொறுப்பான அப்பாவுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பிள்ளையைக் கட்டு என்கிறது 194-பி பிரிவு. வண்டியைக் கம்பெனி கொடுத்தபடியே வை, மாற்றாதே என்கிறது 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொன்னது. பெல்ட்டுக்குத் தகடு போட்டால் மாற்றமா, இல்லையா? ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்கப் பயந்து பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். சும்மா இருப்பவருக்கும் சிக்கல் இல்லை. தகரத்தில் வெல்டு அடித்தவருக்கும் சிக்கல் இல்லை. ஒழுங்காகச் செய்ய நினைப்பவருக்குத்தான் பயம்!

இதை அரசு நினைத்தால் தீர்க்கலாம். ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகனப் பரிசோதனை மையம் இருக்கிறது. ஊரில் அதிகம் ஓடுகிற பழைய ஜிப்சி, பொலீரோ, மஹிந்திரா ஜீப் மாடல்களை அங்கே சோதித்து, எந்த இடத்தில், எந்தத் தகடு, எந்த போல்ட் என்று ஒரு பக்கத்தில் படம் போட்டு வெளியிடட்டும். அதன்படி செய்த வண்டிக்கு மறுப்புச் சொல்லக்கூடாது என்று உத்தரவு போடட்டும். 15 வருடம் ஆன சொந்த வண்டி 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க எப்படியும் இன்ஸ்பெக்டர் முன்னால் வந்துதானே ஆகவேண்டும்? அப்போது அவர் டார்ச் அடித்து அடிப்பக்கம் ஒரு பார்வை பார்த்தால் தகடு இருக்கிறதா, வெறும் தகரமா என்று தெரிந்துவிடும்.

அதுவரை, பெஞ்சு மட்டும் போட்ட ஜீப்பில் பாப்பாவுக்கு இடம் கிடையாது. அப்பா தனியாக ஜீப்பில் வரட்டும். அம்மாவும் பாப்பாவும் மகாபலிபுரம் போக பஸ் இருக்கிறது.