வீட்டுக்குள் முடங்கும் முதல்

கிழக்கு மாகாணத்தில் எம்மவர் மத்தியில் தொழில் முயற்சியாளர்கள் ஏன் பெருகவில்லை என்று கேட்டால், துணிவில்லை, பயிற்சியில்லை என்றே பலரும் கூறுகின்றனர். எனக்கு இதில் உடன்பாடில்லை. காத்தான்குடியின் கடைவீதியையும் மருதமுனையின் கைத்தறிகளையும் கண்டவர் அப்படிச் சொல்லமாட்டார். குறைவது முதல்தான். அது எங்கே போகிறது?

கிழக்கில் பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுப்பது நீண்டகால வழக்கம். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுகிறார். இதில் நன்மையும் உண்டு. கணவன் பிரிந்தாலும் இறந்தாலும் பெண் தெருவில் நிற்பதில்லை. அவ்வீட்டிலிருந்தே தையலோ உணவுத் தயாரிப்போ செய்யலாம்.

ஆனால், மூன்று பெண்பிள்ளைகளின் தந்தை மூன்று வீடுகள் கட்ட வேண்டும். கடையில் சரக்காகச் சுழல வேண்டிய பணம் கல்லும் சீமெந்துமாக உறைந்துவிடுகிறது. கடையைப் பெருப்பிக்க நினைக்கும் மகனும் தங்கையின் வீடு முடியும்வரை காத்திருக்கிறான். 2022 பொருளாதார நெருக்கடியில் கட்டடப் பொருட்களின் விலை ஏறியபோது இச்சுமை இன்னும் கூடியது.

வழக்கத்தை ஒரே நாளில் ஒழிக்குமாறு நான் கோரவில்லை. வீட்டின் அளவைக் குறைப்போம். உறுதி பெண்ணின் பெயரிலேயே இருக்கட்டும். மாடியைத் தம்பதியர் பின்னர் தம் உழைப்பில் கட்டட்டும். மிஞ்சும் பணம் அவளுடைய பங்காகக் குடும்பத் தொழிலில் எழுத்துமூலம் சேரட்டும். பாதுகாப்பும் குறையாது, முதலும் முடங்காது.

இதைப் பெண்ணைப் பெற்றவர் வாய் திறந்து கேட்க முடியாது. மாப்பிள்ளை வீட்டார்தான் முந்திச் சொல்ல வேண்டும்.